அரிகுழி தந்த கல்வி: பலகை அரியும் பொறி திருந்திய வரலாறு

காட்டில் நின்ற மரத்தைத் தன் தேவைக்கேற்ற பலகையாக்க மனிதன் இரு வழிகளைக் கண்டான். ஒன்று பிளத்தல், மற்றையது அரிதல். பிளத்தல் என்பது மரத்தின் நாரோட்டத்திற்குப் பணிந்து செல்வது. ஆப்பினை வைத்து அறைந்தால் நார் எவ்வழி ஓடுகின்றதோ அவ்வழியே மரம் பிளவுபடும். நார் நேராயின் துண்டும் நேராகும். நார் முறுகின் துண்டும் முறுகும். அரிதலோ அவ்வாறன்று. நாரின் போக்கு எவ்வாறாயினும், மனிதன் கரிநூலால் இட்ட கோட்டின் வழியே வாள் செல்லும். பிளந்த துண்டு மரத்தின் விருப்பப்படி அமைந்தது. அரிந்த பலகை மனிதனின் விருப்பப்படி அமைந்தது. கப்பல், கதவு, மேசை, கூரை என நாகரிக வாழ்வின் பல பொருள்கள் இவ்வொரு வேறுபாட்டின்மீது எழுந்தவையே.

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் நூல் நூற்கும் பொறிக்கும் நீராவிப் பொறிக்கும் தரும் இடத்தைப் பலகை அரியும் பொறிக்குத் தருவதில்லை. ஆயினும், ஒரு தொழிலாளியின் கைத்திறன் எவ்வாறு படிப்படியாக இரும்பினுள் புகுந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. அதனை ஆராயுமுன், பொறி தோன்றுவதற்கு முன்னிருந்த தொழில் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

அரிகுழியும் அதன் நால்வகை அறிவும்

நீண்ட மரக்குற்றி ஒன்றை ஒரு குழியின்மேல் கிடத்துவர்; குழி தோண்டாவிடத்து உயர்ந்த முட்டுகளின்மேல் ஏற்றுவர். ஒருவன் குற்றியின்மேல் ஏறி நிற்பான். மற்றவன் குழியினுள் நிற்பான். நெடுவாளின் இருதலையையும் இருவரும் பற்றியிருப்பர். வாள் இறங்கும்போது மரத்தை அரியும்; ஏறும்போது அரியாது. ஆகவே கீழ்நிற்பவன் இழுத்து அரிவான். மேல்நிற்பவன் வாளைத் தூக்கியெடுத்து, கோடு பிசகாது வழிநடத்துவான். கீழ்நிற்பவன் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் ஓயாது சொரியும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நூற்றாண்டுகள் பெரும்பாலான பலகைகள் இவ்வாறே பிறந்தன.

இத்தொழிலை நுணுகி நோக்கின் அதனுள் நால்வகை அறிவு அடங்கியிருத்தலைக் காணலாம். முதலாவது, வாளை மேலுங்கீழும் ஓயாது இயக்கும் வலிமையும் அதன் தாளமும். இரண்டாவது, ஒவ்வோர் இழுப்பிற்கும் எவ்வளவு மரம் கொடுக்கவேண்டும், வாள் எக்கோட்டில் செல்லவேண்டும் என்னும் நேர்மை பற்றிய அறிவு. மூன்றாவது, வாளைப் பற்றிய அறிவு. பற்களை ஒன்றுவிட்டொன்றாக இருபுறமும் சாய்த்து, அலகு சிக்காவண்ணம் வெட்டுவாயைச் சற்று அகலப்படுத்துவதும், அதேவேளை மரம் தூளாகி வீணாகாவண்ணம் அவ்வகலத்தைக் குறுக்குவதும் இதன்பாற்படும். நான்காவது, ஆப்பு. மரம் உயிரோடு வளர்ந்த காலத்தில் அதனுள் தங்கிய இறுக்கம், அரியப்படுங்கால் விடுபடும். அப்போது வெட்டுவாய் சில இடங்களில் விரியும். சில இடங்களில் மூடிக்கொண்டு வாளை நெரிக்கும். ஆதலின் அரிவோர் தாம் கடந்துவந்த வெட்டுவாயில் ஒரு சிறு ஆப்பினைச் செருகி, அதனைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்செல்வர்.

வலிமை, நேர்மை, அலகு, ஆப்பு என்னும் இந்நான்கினையும் பொறி ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூற்றாண்டுகளில் கற்றது. பலகை அரியும் பொறியின் திருத்த வரலாறு என்பது, அரிகுழியில் நின்ற இருவரிடம் இரும்பு பாடங்கேட்ட வரலாறேயாகும்.

முதற்பாடம்: வலிமை

முதலிற் கவரப்பட்டது வலிமையே. சின்னாசியாவின் கியராப்போலிசு என்னும் பண்டை நகரிற் கிடைத்த கற்பேழை ஒன்றில், நீர்ச்சில்லினால் இயங்கும் இரு வாள்கள் கல்லை அரியும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. இது கி.பி. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுழலும் அச்சின் இயக்கத்தை முன்னும்பின்னுமாகச் செல்லும் இயக்கமாக மாற்றும் வளையச்சும் இணைதண்டும் அதிற் காணப்படுகின்றன. 2007 ஆம் ஆண்டில் இச்சிற்பம் விரிவாக ஆராய்ந்து வெளியிடப்பட்டபின், இவ்வமைப்பு இடைக்காலத்திலேயே தோன்றியது என்ற பழைய கருத்துக் கைவிடப்பட்டது. இவை கல்லரியும் வாள்களேயன்றி மரமரியும் வாள்களல்ல என்பதையும் ஈண்டு மனத்திற் கொள்ளவேண்டும்.

மரமரியும் பொறிக்குக் கிடைக்கும் தொன்மையான வரைபடங்களுள் புகழ்பெற்றது, 13 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரரான வில்லார் த ஒன்னெகூர் என்பவரின் வரைபடச் சுவடியில் உள்ளது. அதில் நீர்ச்சில்லு வாளைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. வளைந்து நிமிரும் கழியொன்று வில்லைப்போல் அதனை மீண்டும் மேலே தூக்குகின்றது. இதனினும் வியப்புக்குரியது, பற்கள் பொருந்திய ஒரு சில்லு மரக்குற்றியை வாளை நோக்கித் தானே தள்ளிச் செல்வதாகும். இவ்வாறு இரண்டாம் பாடத்தின் முதலெழுத்தும் அங்கே எழுதப்பட்டுவிட்டது. மலையருவிகள் உள்ள நாடுகளில் நீரால் இயங்கும் அரியாலைகள் இதன்பின் மெல்லப் பரவின.

அருவியில்லாத சமநிலத்தார் யாது செய்வது? கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலங்களையுடைய ஒல்லாந்தரே இவ்வினாவிற்கு விடை கண்டனர். ஓய்ட்கேஸ்ட் என்னும் ஊரினரான கொர்னேலிஸ் கொர்னேலிசூன் என்னும் கமக்காரர், காற்றாடியால் இயங்கும் அரியாலைக்கு 1593 டிசம்பர் 15 ஆம் நாள் ஒல்லாந்து மாகாண மன்றிடம் உரிமைப் பத்திரம் பெற்றார். மறு ஆண்டு ஆலை எழுந்தது. அதற்குச் 'சிறுநங்கை' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. 1596 இல் அது சான்டாம் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1597 இல் அவர் பெற்ற மற்றோர் உரிமையில் வளையச்சின் அமைப்பு இடம்பெற்றது.

காற்றாடி சுழலும்; வாளோ ஏறியிறங்க வேண்டும். இவ்விரு இயக்கங்களுக்கும் பாலமானது முழங்கைபோல் வளைத்த இவ்விரும்பச்சு. பின்வந்த ஒல்லாந்த ஆலைகளில் ஓரச்சில் மூன்று வளைவுகள் அமைந்தன. ஒவ்வொரு வளைவும் ஒரு வாட்சட்டத்தை இயக்கியது. ஒரு சட்டம் ஏற மற்றொன்று இறங்குவதால் பளு சமப்பட்டது. காற்றாடியும் குலுங்காது சுழன்றது. ஒரு சட்டத்தில் ஒரு வாளன்றிப் பல வாள்களை இணையாகப் பூட்டலாம். ஆகவே குற்றி ஒருமுறை கடந்துசென்றால் பல பலகைகள் ஒருங்கே கிடைத்தன. சட்டம் ஏறியிறங்குந்தோறும் ஒரு பற்சில்லு சிறிது நகர்ந்து, குற்றி கிடக்கும் வண்டியை வாளை நோக்கி இழுத்தது. முழு ஆலையையுமே காற்றை நோக்கித் திருப்பத்தக்க ஒருவகை ஆலையும் அந்நாட்டில் உருவாயிற்று. கையால் அரிவதினும் முப்பது மடங்கு விரைவு கிட்டியதென்று கூறுவர்.

இதன் பயன் பெரிது. நோர்வேயிலிருந்தும் போல்ற்றிக் கரைகளிலிருந்தும் கடல்வழியாகவும், செருமானியக் காடுகளிலிருந்து றைன் ஆற்றில் தெப்பங்களாகவும் வந்த மரம், சான் ஆற்றங்கரையிற் பலகையாயிற்று. 18 ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் ஏறத்தாழ 600 காற்றாலைகள் பல தொழில்களுக்காகச் சுழன்றன. அவற்றுள் இருநூறுக்கும் மேற்பட்டவை மரமரிபவை. மலிவான பலகை மலிவான கப்பலைத் தந்தது. 1697 இல் உருசியப் பேரரசர் மகா பீற்றர் கப்பற்கலை பயில நாடி வந்த ஊர் இச்சான்டாமே. 1602 இல் நிறுவப்பட்டு, 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கீழிந்தியக் கம்பனியின் கடல்வலிமைக்கும் ஒல்லாந்தின் இக்கப்பற் றொழிலே அடித்தளமாக இருந்தது. ஒரு கமக்காரரின் வளையச்சு நம் நாட்டு வரலாற்றிலிருந்து நாம் நினைப்பதுபோல் அத்துணைத் தொலைவில் இல்லை.

எதிர்த்தவர் யாவர்?

இத்துணை நன்மை பயந்த பொறி ஏன் அம்ஸ்டர்டாமில் அன்றி அயலூராகிய சான்டாமில் வேரூன்றியது? அம்ஸ்டர்டாமின் மரமரிவோர் ஒரு தொழிற்சங்கமாக வலுப்பெற்றிருந்தனர். நகர எல்லையிற் காற்றரியாலை புகுவதை அவர்கள் நெடுநாள் தடுத்தனர். சான் ஆற்றங்கரையிலோ அத்தகைய சங்கத்தின் கட்டுப்பாடு இருக்கவில்லை. ஆலை அங்குச் சென்றது. அதனைத் தொடர்ந்து தொழிலும் சென்றது. தொழிலைத் தொடர்ந்து செல்வமும் சென்றது. 1630 ஆம் ஆண்டையொட்டியே அம்ஸ்டர்டாம் தன் மனத்தை மாற்றிக்கொண்டு காற்றரியாலைகளுக்கு இடமளித்தது. அக்காலத்தில் எழுந்த 'நீர்நாய்' என்னும் பெயருடைய ஆலை அந்நகரில் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

இங்கிலாந்தின் கதை இதனினும் கடுமையானது. 1767 இல் சாள்ஸ் டிங்லி என்னும் வணிகர் இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியிற் காற்றரியாலை ஒன்றை நிறுவினார். 1768 மே 10 ஆம் நாள் வேலையிழந்த மரமரிவோர் பெருங்கூட்டமாகத் திரண்டு வந்து அதனைச் சிதைத்தனர். மறு ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் ஆலைகளை அழிப்பதைப் பெருங்குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. டிங்லி நட்டஈடு பெற்றார், ஆலை திருத்தப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளைக் கூறும் பழைய நூல்கள் பல, மரமரிவோரை அறியாமையிலாழ்ந்த மூடர்களாகவும் முன்னேற்றத்தின் பகைவர்களாகவும் சித்திரிக்கின்றன. அத்தீர்ப்பினை நாம் ஆராயாது ஏற்கலாகாது. அம்மக்கள் பொறியை அறியாது எதிர்த்தாரல்லர், நன்கறிந்தே எதிர்த்தனர். தம்மிடமிருந்த நால்வகை அறிவுள் பொறி ஒன்றைக் கவர்ந்த அன்றே தம் கூலி முழுவதும் போய்விட்டதைக் கண்டனர். மிகுதி மூன்றும் அவர்களிடமே இருந்தன; ஆயினும் அவற்றுக்கு விலைகொடுப்பார் இலர். ஆலையுடையோன் பலகையின் இலாபத்தைப் பெற்றான்; கப்பலுடையோன் மலிவைப் பெற்றான்; குழியில் நின்றவனோ சட்டத்தின் தண்டனையையே பெற்றான். அம்ஸ்டர்டாம் பொறியை விலக்கித் தொழிலை இழந்தது. இலண்டன் தொழிலாளரை விலக்கி அமைதியை இழந்தது. இழப்பினை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் மூன்றாவது வழியொன்றை இரு நகரங்களும் தேடவில்லை என்பதே வரலாறு காட்டும் குறை.

இரண்டாம் பாடம்: நேர்மை

ஏறியிறங்கும் வாட்சட்டத்திற்கு ஒரு குறையுண்டு. அது இறங்கும்போதே அரியும், ஏறுங்காலம் வீண். மேலும் கனத்த சட்டத்தை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்பவேண்டியிருத்தலின் விரைவுக்கு ஓர் எல்லையும் உண்டு. இவ்வெல்லையைக் கடந்தது வட்டவாள். அது திரும்புவதில்லை, நில்லாது ஒரே திசையிற் சுழல்வது. இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரினரான சாமுவேல் மில்லர் 1777 இல் பெற்ற உரிமைப் பத்திரத்தில் வட்டவாள் குறிக்கப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் தபித்தா பாபிற் என்னும் அம்மையார், நூற்கும் இராட்டையின் சில்லைக் கண்டு 1813 அளவில் வட்டவாளை உருவாக்கினார் என்று ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. அவர் தம் அறிவாலேயே அதனைக் கண்டிருக்கலாமெனினும், முதன்மை அவருக்குரியதன்று என்பதை ஆண்டுகளே காட்டுகின்றன.

பலகைத் தொழிலில் வட்டவாளின் தனிச்சிறப்பு இரண்டாம்நிலை வேலைகளிலேயே விளங்கிற்று. குற்றியிலிருந்து முதலில் எடுத்த பலகைக்கு இருமருங்கிலும் மரப்பட்டையோடு கூடிய கோணல் விளிம்பு இருக்கும். அதனை நீக்கி, இருவிளிம்பையும் ஒன்றற்கொன்று இணையாக்க வேண்டும். இது ஓரஞ்சீவும் வேலை. அடுத்து, தடித்த பலகையை நெடுக அரிந்து இரண்டாக்கவோ ஒடுங்கிய சட்டங்களாக்கவோ வேண்டும். இது பகுக்கும் வேலை. இவ்விரண்டிலும் வலிமையினும் நேர்மையே தலையாயது. விளிம்பு நூலளவு கோணினும் பலகை பலகையோடு பொருந்தாது.

இந்நேர்மையைப் பொறிக்குக் கற்பித்தவருள் முதன்மையானவர் சாமுவேல் பென்தம். சட்டவியல் மெய்யியலாளரான செரமி பென்தமின் தம்பி இவர். 1793 இல் அவர் பெற்ற விரிவான உரிமைப் பத்திரம் மரவேலைப் பொறிகளின் தோற்றுவாய் எனக் கொள்ளப்படுகின்றது. ஒரு மேசை, அதன் நடுவே ஒரு பிளவு, அப்பிளவினூடாக மேலெழும் வட்டவாள், வாளுக்கு இணையாக நகர்த்தி நிறுத்தத்தக்க வழிகாட்டிச் சட்டம். பலகையின் ஒரு விளிம்பைச் சட்டத்தோடு அணைத்துத் தள்ளினால் மறுவிளிம்பு தானே இணையாக அரியப்படும். இன்று மரக்காலைகளிற் காணும் வாண்மேசையின் அமைப்பு இதுவேயன்றோ? கரிநூற் கோட்டில் பதிந்திருந்த மேலாளின் கண் இங்கே ஓர் இரும்புச் சட்டமாக மாறிற்று.

பென்தமின் நோக்கத்தையும் அறிதல் வேண்டும். செரமி பென்தம் திட்டமிட்ட புதுவகைச் சிறைச்சாலையிற் கைதிகளைக்கொண்டு மரவேலை செய்விக்க அவர் எண்ணியிருந்தார். தொழில் பயிலாதவனும் பயின்றவனைப்போற் செய்யத்தக்க பொறி வேண்டும் என்பதே அவர் கருத்து. அச்சிறை கட்டப்படவில்லை, ஆயினும் அக்கருத்து நிலைத்தது. பென்தமின் ஆதரவோடு மார்க் இசம்பாட் புரூணல் வகுத்து, கென்றி மோட்சிலி செய்து கொடுத்த பொறிகள் போட்சுமத் கப்பற்றுறையில் 1802 முதல் சில ஆண்டுகளில் நிறுவப்பட்டன. கப்பற் பாய்களுக்குரிய கப்பிகளை அவை செய்தன. 110 கைவினைஞர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர். 1808 இல் 130,000 கப்பிகள் அங்கு உருவாயின. மரத்தை அளவாக அரிந்து கொடுக்கும் வாட்பொறிகளே அவ்வரிசையின் முதலில் நின்றன என்பது நம் பொருளுக்கு உரியது. பின்னர் சற்றம் கப்பற்றுறையில் 1814 அளவில் முற்றுப்பெற்ற புரூணலின் அரியாலை நீராவியால் இயங்கியது. அங்குக் குற்றியை ஏற்றுவதும் பலகையைக் கொண்டுசெல்வதும்கூடப் பொறிகளின் பணியாயின.

மூன்றாம் பாடம்: அலகு

விரைவும் நேர்மையும் கிட்டியபின் ஒரு புதிய கேள்வி எழுந்தது: தூளாகிப் போகும் மரம் எவ்வளவு? பெரிய வட்டவாள் நடுவிலே அச்சிற் பிணைக்கப்பட்டு, விளிம்பிலே தாங்குதலின்றிச் சுழல்வது. மெல்லியதாயின் நெளியும், ஆதலின் தடித்ததாக இருக்கவேண்டும். குற்றியை அரியும் பெரிய வட்டவாளின் வெட்டுவாய் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் அகலமுடையது. 25 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பலகைகளை அதனால் அரிவதாயின், ஒவ்வொரு பலகைக்கும் 33 மில்லிமீற்றர் மரம் செலவாகும். மரத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு தூளாகும் என்பது சிறு கணக்கு. காடு எல்லையற்றது, கூலியாளே அரியன் என்றிருந்த 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவ்விழப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. விலையுயர்ந்த மரத்தை அரிவோர் அவ்வாறிருத்தல் இயலாது. புரூணலே 1806 இல் மெல்லிய மரத்தகடு அரிவதற்கெனத் தனிவாள் ஒன்றுக்கு உரிமை பெற்றார். பெருஞ்சில்லு ஒன்றின் விளிம்பில் மெல்லிய உருக்குத் துண்டுகளை வரிசையாகப் பொருத்துவது அதன் அமைப்பு.

நிறைவான விடை நாடா வாளே. இரு சில்லுகளிற் பூட்டப்பட்டு, முடிவற்ற பட்டிபோல் ஓடும் வாள் அது. இழுவையால் இறுகி நிற்பதால் மெல்லியதாயினும் நெளிவதில்லை. ஒரே திசையில் ஓடுவதால் காலமும் வீணாவதில்லை. வில்லியம் நியூபெறி இலண்டனில் 1808 இலேயே இதற்கு உரிமை பெற்றார். ஆனால் பட்டியின் இருதலையையும் ஒட்டிய பொருத்து, சில்லின்மீது ஓயாது வளைந்து நிமிர்வதைத் தாங்காது அறுந்தது. எண்ணம் பழுதற்றது, உருக்கு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1846 இல் ஆன் போலின் கிரேப்பன் என்னும் பிரெஞ்சு அம்மையார் அப்பொருத்தினைச் செவ்வனே ஒட்டும் முறைக்கு உரிமை கோரினார். அவ்வுரிமையைப் பெற்ற பரிசு நகரத்துப் பெரின் நிறுவனம் நல்ல உருக்கையும் சேர்த்து நாடா வாளை உலகறியச் செய்தது. நாற்பது ஆண்டுகளாக ஒரு பொறி ஓர் அங்குலப் பொருத்துக்காகக் காத்திருந்தது!

நாடா வாளின் வெட்டுவாய் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். மேற்கூறிய பலகைக்கு இப்போது 28 மில்லிமீற்றர் மரமே செலவாகும். அதாவது, வட்டவாள் 100 பலகை தந்த அதே மரத்தில் நாடா வாள் 117 பலகை தரும். ஒரு மரமும் கூடுதலாக வெட்டாமல் பதினேழு பலகைகளைப் பெறுதல் காடு வளர்ப்பதற்கு ஒப்பானதன்றோ? தடித்த பலகையை இரண்டாகப் பகுக்கும் வேலைக்கு நாடா வாள் விரும்பப்படுவதன் காரணம் இதுவே. ஓரஞ்சீவுவதில் வட்டவாளே இன்றும் நிலைத்துள்ளது. ஓரச்சில் இரு வட்டவாள்கள். ஒன்று நிலையாக நிற்க, மற்றையது பலகையின் அகலத்திற்கேற்ப நகரும். உருளைகள் பலகையைப் பற்றி ஒரே வேகத்தில் உள்ளிழுக்க, இருவிளிம்பும் ஒரே முறையில் இணையாகச் சீவப்படும். மிகச் சீவினால் மரம் வீண். குறையச் சீவினால் பட்டை எஞ்சும். இத்தீர்ப்பினை நெடுங்காலம் அனுபவமிக்க ஒருவரின் கண்ணே வழங்கியது. இக்காலப் பேராலைகளில் ஒளிக்கதிரால் பலகையை அளந்து கணினி அதனை வழங்குகின்றது.

நான்காம் பாடம்: ஆப்பு

வலிமை, நேர்மை, அலகு ஆகிய மூன்றையும் பொறி கற்றுவிட்டது. நான்காவதாகிய ஆப்பினையோ அது நெடுங்காலம் மறந்திருந்தது. அம்மறதியின் விலையைச் செலுத்தியவர் தொழிலாளர்.

வட்டவாளின் முன்பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பற்களோ மேல்நோக்கி எழும். அரியப்பட்ட பலகை தன் உள்ளிறுக்கத்தால் வாளின் பின்னே மூடிக்கொண்டால், எழும் பற்கள் அதனைக் கவ்வித் தூக்கி, தள்ளுபவன்மீதே எறியும். அக்கணத்தில் அவன் கை வாளை நோக்கிச் சரியவும் கூடும். விரலிழந்த தச்சர்களைக் காணாத ஊரில்லை. குழியில் நின்றவனுக்கு இவ்விடர் நேர்ந்ததில்லை. வாள் மெதுவாகச் சென்றது. வெட்டுவாயில் ஆப்பு இருந்தது. பொறியை வகுத்த அறிஞர் அரிவோனின் தோளைக் கண்டனர், கண்ணைக் கண்டனர், கூர்தீட்டும் கையைக் கண்டனர். அவன் இடையிடையே குனிந்து செருகிய சிறு மரத்துண்டை வேலையின் ஒரு கூறாக மதிக்கவில்லைப் போலும்.

இறுதியில் அவ்வாப்பு திரும்பி வந்தது. வாளின் பின்னே, அதற்கு நேராக, மேசையில் நிலைநிறுத்தப்படும் மெல்லிய இரும்புத் தகடு அது. அரியப்பட்ட இருபகுதியும் மூடிக்கொள்ளாவண்ணம் இடையே நின்று தடுப்பதே அதன் பணி. பிரித்தானியாவில் 1922 இல் வெளிவந்த மரவேலைப் பொறி விதிகள், வட்டவாளுக்கு இத்தகடும், மேலே காப்புறையும், பலகையைத் தள்ளுவதற்கு ஒரு கோலும் இருத்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டன. 1777 இல் வட்டவாள் உரிமைப் பத்திரம் ஏறியது. 1922 இல் ஆப்பு சட்டம் ஏறியது. இடையே ஒன்றரை நூற்றாண்டு. 1999 இல் அமெரிக்கரான சிரீபன் காசு என்பவர் இன்னுமொருபடி சென்றார். மனித உடல் மின்னைக் கடத்தும் இயல்பைப் பயன்படுத்தி, விரல் வாளைத் தீண்டிய மாத்திரத்தே, கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவாக, வாளை நிறுத்தும் அமைப்பினை அவர் வகுத்தார். பொறிக்குத் தீண்டுணர்ச்சியும் வந்தது எனலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? புதுமை என்பது ஒரு பேரறிஞரின் மூளையில் திடீரெனத் தோன்றுவது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொர்னேலிசூனும் பென்தமும் புரூணலும் பேரறிஞரே, ஐயமில்லை. எனினும் அவர்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் பெயர் தெரியாத இருவர் ஒரு குழியின் மேலும் கீழும் நின்று முன்னரே அறிந்திருந்த ஒன்றையே இரும்பில் எழுதிற்று. தன் தொழிலின் பகைவரெனப் பழிக்கப்பட்ட மரமரிவோரே அப்பொறியின் முதலாசிரியர். ஆசிரியருக்குரிய காணிக்கையை அவர்கள் பெறவில்லை என்பது வேறு.

பிறிதொன்றும் நோக்கற்பாலது. பொறி கவர்ந்த வரிசையிலேயே அதன் மனப்போக்குத் தெரிகின்றது. முதலில் வலிமையைக் கவர்ந்தது. விரைவு இலாபம் தந்தது. பின் நேர்மையைக் கவர்ந்தது; பயிற்சியற்றோரைக் குறைந்த கூலிக்கு அமர்த்த முடிந்தது. பின் அலகைக் கவர்ந்தது, மரம் விலையேறியிருந்தது. விரலைக் காக்கும் ஆப்பினையோ, சட்டம் கட்டளையிட்டபின்னரே தன் வழமையாக்கிக்கொண்டது. எப்பொறியையும் திருத்தப் புகும் மாணவர், அது யாருடைய வேலையை எளிதாக்கும் என்று வினவுவதோடு அமையாது, அதனருகில் நிற்பவனின் கையில் முன்பு இருந்து இப்போது இல்லாத அறிவு யாது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவினை 1777 இலேயே எவரேனும் எழுப்பியிருப்பின், எத்தனையோ தச்சர் தம் பத்து விரலோடும் முதுமையடைந்திருப்பர்.